புண்ணை ஆற்ற வரும் செயற்கைப் பெப்டைடு: சென்னைத் தோல் ஆராய்ச்சியில் தொடங்கிய கதை

ஆட்டுக்கால் சூப்பைக் காய்ச்சி ஆற வைத்தால் பாத்திரத்தோடு உறைந்து கெட்டிப்பட்டு விடும். தச்சு வேலை செய்கிறவர்கள் பலகை ஒட்டுவதற்குக் காய்ச்சுகிற வச்சிரமும் அப்படித்தான். தாராவியில் பெல்ட்டாகவும் கைப்பையாகவும் தைக்கப்படுகிற தோலை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான். அதன் பெயர் கொல்லாஜன்.

'கொல்லா' என்றால் கிரேக்க மொழியில் பசை. அதிலிருந்து பிறந்த பெயர் இது. மனித உடம்பில் உள்ள புரதங்களில் கால் பங்குக்கு மேல் கொல்லாஜன்தான். தோல், எலும்பு, தசையை எலும்போடு கட்டும் நாண், ரத்தக் குழாயின் சுவர் ஆகிய எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக் கொண்டிருப்பது அதுவே.

வெட்டுக்காயம் ஆறுவதும், வெந்த தோல் மூடுவதும், அறுந்த நாண் ஒட்டுவதும் இந்தக் கொல்லாஜன் சரியாக உற்பத்தி ஆவதைப் பொறுத்த காரியம். அதனால்தான் உலகமெங்கும் விஞ்ஞானிகள் கொல்லாஜனைப் போலவும், அதற்குத் துணை செய்கிற மற்றப் புரதங்களைப் போலவும் சிறு சிறு துண்டுகளை ரசாயன முறையில் தயாரித்துச் சோதித்து வருகிறார்கள். இந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர்.

இந்த ஆராய்ச்சிக்கு அஸ்திவாரக் கல் ஒன்றை நாட்டியது எந்த ஊர் தெரியுமா? சென்னை!

புண் எப்படி ஆறுகிறது?

தோல் வெட்டும் கத்தி கையில் பட்டு விட்டது என்று வைத்துக் கொள்வோம். உடனே ரத்தம் வருகிறது. சில நிமிடங்களில் உறைகிறது. இது முதல் கட்டம்.

அடுத்து அந்த இடம் சிவந்து வீங்குகிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து கிருமிகளையும் செத்த சதையையும் அப்புறப்படுத்துகின்றன. இது இரண்டாவது கட்டம்.

மூன்றாவது கட்டத்தில் நார் செல்கள் என்னும் வேலைக்காரர்கள் வந்து சேருகிறார்கள். இவர்கள்தான் கொல்லாஜனை நூற்று நூற்றுப் பள்ளத்தை நிரப்புகிறவர்கள். புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடுகிறது.

நான்காவது கட்டம் மிக நீண்டது. அவசரமாகப் போட்ட நாரைப் பிரித்து, உறுதியான நாராக மாற்றிக் கட்டுகிற வேலை மாதக் கணக்கில், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் நடக்கிறது. இவ்வளவும் நடந்த பிறகும் தழும்பு விழுந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்புகிறது.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த வரிசை இரண்டாவது கட்டத்திலேயே நின்று விடுவது உண்டு. சிறு ரத்தக் குழாய்கள் கெட்டுப் போவதால் ரத்தம் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. நரம்பு மரத்துப் போவதால் காலில் முள் குத்தினாலும் தெரிவதில்லை. சிறு புண் பெரும் புண்ணாகி, விரலை எடுக்க வேண்டும், காலை எடுக்க வேண்டும் என்ற நிலைக்குப் போய் விடுகிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்கிற மனிதருக்குக் கால் போவது என்றால் குடும்பத்தின் சோறு போவது என்று அர்த்தம்.

நின்று போன இடத்திலிருந்து வண்டியை மறுபடியும் கிளப்ப முடியுமா? பெப்டைடு ஆராய்ச்சியின் கேள்வி இதுதான்.

கங்காரு வாலும் சென்னைப் பேராசிரியரும்

கொல்லாஜனைப் போல ஒன்றைத் தயாரிக்க வேண்டுமானால் முதலில் அதன் அமைப்புத் தெரிய வேண்டும். 1950-ம் ஆண்டு வாக்கில் அது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1951-ல் ஒரு அமைப்பைச் சொன்னார். அது தவறாகப் போய் விட்டது.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது 30. பெயரின் முன்னால் நிற்கும் 'ஜி' கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். பிறந்தது எர்ணாகுளத்தில். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் படித்தவர். சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொல்லாஜன் மர்மம் இன்னும் அவிழவில்லை என்று அவரிடம் சொன்னார். ராமச்சந்திரன் அதையே தம் வேலையாக எடுத்துக் கொண்டார்.

கொல்லாஜனுக்கு எங்கே போவது? பல்கலைக்கழகக் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே, அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட நிலையம் அது. தோல் பதனிடுவது என்பதே கொல்லாஜன் நாருக்கும் நாருக்கும் இடையே குறுக்குக் கட்டுப் போடுகிற வேலை. ஆவாரம்பட்டை, கடுக்காய், குரோமியம் எல்லாம் செய்வது இதைத்தான். குறுக்குக் கட்டு விழுந்து விட்டால் தோல் அழுகாது. ஆகவே கொல்லாஜனைப் பற்றித் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள்.

கங்காருவின் வால் நாணிலிருந்து எடுத்த கொல்லாஜன் நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது. ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் படத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1954-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

அவர்கள் சொன்னது என்ன? கொல்லாஜன் மூன்று புரி கொண்டது. கிணற்றுத் தாம்புக் கயிறு போல மூன்று இழைகள் ஒன்றாக நிற்கின்றன. அடுத்த வருஷமே, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டு கிடக்கின்றன என்று திருத்திச் சொன்னார்கள்.

இன்னொரு புதிரும் இதனால் விடுபட்டது. கொல்லாஜனில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின் என்ற அமினோ அமிலமாகவே இருக்கிறது. ஏன்? லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆளாக நுழைகிறவர் ஒல்லியாக இருந்தால்தான் முடியும். மூன்று இழைகளும் நெருங்கும் நடு இடத்தில் அதே நெருக்கடி. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். அதற்குத்தான் அங்கே இடம் உண்டு.

1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் என்ற இருவரும் இதே முப்புரி அமைப்பைச் சிறு மாற்றத்தோடு வெளியிட்டார்கள். இழைகளுக்கு இடையே ஐதரசன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. பிணைப்பு விஷயத்தில் கேம்பிரிட்ஜ் சொன்னது நிலைத்தது. முப்புரி என்று முதலில் சொன்ன பெருமை சென்னைக்கே நிலைத்தது.

இதில் ஒரு விசேஷம் கவனிக்கத் தக்கது. 1994-ல் அமெரிக்காவில் பெல்லா, பெர்மன், பிராட்ஸ்கி ஆகியோர் இந்த முப்புரியை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். அவர்கள் படம் பிடித்தது மிருகத் தோலை அல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் தயாரித்த, கொல்லாஜனைப் போன்ற செயற்கைப் பெப்டைடு ஒன்றைத்தான்! சென்னையில் காகிதத்தில் போட்ட கணக்கு, 40 ஆண்டுகளுக்குப் பிறகு கண்முன் நின்றது.

ராமச்சந்திரன் 1963-ல் தம் மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட வரைபடம் 'ராமச்சந்திரன் படம்' என்ற பெயரிலேயே உலகப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு பெப்டைடு எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்க முடியாது என்று சொல்லும் படம் அது. புதிய பெப்டைடு ஒன்றை வடிவமைக்கிறவர்கள் இன்றும் அந்தப் படத்தை வைத்துத்தான் சரி பார்க்கிறார்கள். 1977-ல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் காலமானார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள மண்டபத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர். முப்புரி என்பதற்கான ஆங்கிலச் சொல் அது.

பூக்கட்டுவது போல ஒரு வேலை

பெப்டைடு என்பது என்ன? மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கட்டுகிறவரைப் பார்த்தால் போதும். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று விதவிதமான பூக்களை ஒரு நாரில் தொடுக்கிறார். முழ நீளத்துக்குத் தொடுத்தால் சரம். ஆளுயரத்துக்குத் தொடுத்தால் மாலை.

உடம்பில் 20 வகைப் 'பூக்கள்' இருக்கின்றன. அவைதான் அமினோ அமிலங்கள். சிறு சரமாகத் தொடுத்தால் பெப்டைடு. நீண்ட மாலையாகத் தொடுத்தால் புரதம். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்பதைப் பொறுத்துச் சரத்தின் குணம் மாறும்.

நமக்குத் தெரிந்த பெப்டைடுகளும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக் கொள்ளும் இன்சுலினில் 51 கண்ணிகள். பிரசவத்தில் வலி எடுப்பதற்காகப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியில் 9 கண்ணிகள். இந்த ஆக்ஸிடோசினை 1953-ல் அமெரிக்க விஞ்ஞானி டு விக்னோ ரசாயன முறையில் தயாரித்துக் காட்டி, 1955-ல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் காலத்தில் ஒரு கண்ணி சேர்ப்பதற்குப் பெரும்பாடு பட வேண்டும். ஒவ்வொரு முறையும் கலவையிலிருந்து சரத்தைத் தனியே பிரித்துச் சுத்தப்படுத்த வேண்டும். மாதங்கள் ஓடி விடும்.

1963-ல் புரூஸ் மெரிஃபீல்டு என்ற அமெரிக்கர் ஒரு சுலப வழி கண்டுபிடித்தார். பூக்கட்டுகிறவர்கள் நாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக் கொள்வார்கள் அல்லவா? அதைப் போலவே அவர் சரத்தின் முதல் கண்ணியை ஒரு சின்னப் பிசின் மணியில் கட்டினார். பிறகு ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்தார். வேண்டாத ரசாயனத்தைக் கழுவி ஊற்றினால் போய் விடும். சரம் மணியோடு ஒட்டிக் கொண்டு நிற்கும். கடைசியில் மணியிலிருந்து அறுத்து எடுத்தால் தீர்ந்தது வேலை. இதற்கு இயந்திரமும் வந்தது. 1969-ல் 124 கண்ணிகள் கொண்ட ஒரு முழுப் புரதத்தையே அவர் இந்த முறையில் தொடுத்துக் காட்டினார். 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மிருகத் தோல் இருக்க ரசாயனம் எதற்கு?

மாட்டுத் தோலிலும் மீன் தோலிலும் கொல்லாஜன் ஏராளமாகக் கிடைக்கிறது. அதைப் பிரித்துக் காகிதம் போல மெல்லிய தாளாக்கிப் புண்ணின் மேல் போடும் சிகிச்சை நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையமும் இதில் நெடுநாள் வேலை செய்திருக்கிறது. தீக்காயத்துக்கு இது நல்ல போர்வை.

ஆனால் மிருகத்திலிருந்து எடுப்பதில் சில சங்கடங்கள் உண்டு. மிருகத்தின் நோய் மனிதனுக்கு வந்து விடாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதும் ஒரே மாதிரி இருக்காது. சிலர் உடம்பு ஏற்காது. சிலர் மனது ஏற்காது.

ஆராய்ச்சிக்கூடத்தில் தொடுத்த பெப்டைடுக்கு இந்தத் தொல்லை குறைவு. எந்தக் கண்ணி எங்கே என்பது முன்கூட்டியே தெரியும். வேண்டுமானால் ஒரு கண்ணியை மாற்றிப் பார்க்கலாம்.

தொங்கிப் போக ஒரு கைப்பிடி

1984-ல் இந்தத் துறையில் ஒரு பெரிய விஷயம் தெரிய வந்தது. செல்கள் வெறும் தண்ணீரில் மிதந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எதையாவது பிடித்துக் கொண்டால்தான் வேலை செய்யும். எதைப் பிடிக்கின்றன? பியர்ஷ்பாக்கர், ருவோஸ்லாத்தி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பெரிய புரதம் ஒன்றில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே கண்ணிகள் போதும் என்று கண்டார்கள். கூட்டமான வண்டியில் ஏறுகிறவருக்கு முழு வண்டியும் வேண்டாம். கைக்கு ஒரு கம்பி கிடைத்தால் போதும். அது மாதிரிதான்.

அன்று முதல் இந்த மூன்று கண்ணிச் சரத்தை பிளாஸ்டிக் மேலும் ஜெல்லியின் மேலும் ஒட்டி வைத்துச் செல்களைக் குடியேற்றும் முயற்சிகள் ஆராய்ச்சிக்கூடங்களில் நடந்து வருகின்றன.

இன்னொரு வகைப் பெப்டைடு தானே சாரம் கட்டிக் கொள்கிறது. கட்டிட வேலைக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுகிறோமே, அந்தச் சாரம்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில் ஷுகுவாங் சாங் என்பவர் கண்டுபிடித்த குடும்பம் இது. அதில் பேர்பெற்றது 16 கண்ணிகள் கொண்டது. தண்ணீரில் கரைத்தால் தண்ணீராகவே இருக்கும். உடம்பின் உப்போடு சேர்ந்ததும் நுண்ணிய நார்களாகப் பின்னிக் கொண்டு ஜெல்லியாகி விடும். செல்கள் அந்தப் பின்னலுக்குள் நுழைந்து வேலை செய்யும்.

2006-ல் இதை வைத்து ஒரு சோதனை நடந்தது. பார்வை நரம்புப் பாதை வெட்டப்பட்ட வெள்ளெலிகளின் மூளையில் இந்தக் கரைசலை விட்டார்கள். அறுந்த பாதையில் நரம்பு மறுபடியும் வளர்ந்தது. வெள்ளெலிகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பியது. அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். ரத்தம் கசிகிற இடத்தில் விட்டால் சில விநாடிகளில் கசிவு நின்றது. இன்று இந்தப் பெப்டைடில் செய்த ஜெல்லை ஒரு ஜப்பானியக் கம்பெனி விற்கிறது. குடலுக்குள் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சையில் ரத்தக் கசிவை நிறுத்த ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி இருக்கிறது.

நம் மும்பையிலும் இந்த வேலை நடக்கிறது. பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சமீர் மாஜியின் குழு, மூளை நோய்களில் படிகிற புரதங்களின் சிறு துண்டுகளை முன்மாதிரியாக வைத்துப் பெப்டைடு ஜெல்லிகளைத் தயாரித்தது. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த முடிவுகள் வெளிவந்தன. மூல செல்கள் அந்த ஜெல்லியில் ஒட்டி வளர்ந்து, நரம்பு செல்களின் குணத்தை அடைவதை அவர்கள் காட்டினார்கள். கெடுதல் செய்யும் புரதத்தின் துண்டையே நல்ல வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள்!

தட்டிலிருந்து கட்டிலுக்கு

கண்ணாடித் தட்டில் செல் வளர்ந்தது என்பதும், எலிக்குப் புண் ஆறியது என்பதும், சயான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மனிதனுக்குப் புண் ஆறும் என்பதும் மூன்று வேறு விஷயங்கள். எலியின் தோல் சுருங்கி மூடுகிற தோல். மனிதத் தோல் பெரும்பாலும் புதுச் சதை நிரம்பி மூட வேண்டிய தோல். எலியில் ஜெயித்து மனிதனில் தோற்ற மருந்துகள் எத்தனையோ.

மனிதனில் ஜெயித்ததற்கும் காவல் தேவைப்படுகிறது. நீரிழிவுக் கால் புண்ணுக்காக 1997-ல் அமெரிக்கா ஒரு வளர்ச்சிப் புரத ஜெல்லை அனுமதித்தது. பெகாப்ளெர்மின் என்று பெயர். ஈஸ்டு நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கிற புரதம் அது. பதினோரு வருஷம் கழித்து, 2008-ல், அதிகக் குழாய்கள் உபயோகித்தவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுதலாகத் தெரிகிறது என்று கடும் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. மேலும் பத்து ஆண்டுகள் கணக்கெடுத்துப் பார்த்து, 2018-ல் அந்தக் கடும் எச்சரிக்கையை நீக்கினார்கள். புண்ணை வளர்க்கச் சொல்லும் பொருள் வேறு எதை வளர்க்கும் என்று இருபது வருஷம் கண்காணிக்க வேண்டியிருந்தது. முறையான மருந்துக்கே இந்தப் பாடு!

இதே வகையில் வேறொரு வளர்ச்சிப் புரதத்தை ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் கம்பெனி ஜெல்லாகத் தயாரிக்கிறது. கால் புண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம்.

இணையத்தில் விற்கும் குப்பி

இனிச் சொல்வதை உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகும் இளைஞர்களும், தோள்வலி முதுகுவலியோடு வேலைக்குப் போகிறவர்களும் கவனமாகப் படிக்க வேண்டும்.

பி.பி.சி.-157 என்ற பெயரில் ஒரு பெப்டைடு கைத்தொலைபேசி விளம்பரங்களில் அடிபடுகிறது. நாண் கிழிந்தால் ஒட்டும், மூட்டு தேறும், குடல் புண் ஆறும் என்று சொல்கிறார்கள். இது 15 கண்ணிகள் கொண்டது. குரோவேஷியா நாட்டில் சாகிரப் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. எலிகளில் நல்ல பலன் தெரிந்ததாக நிறையக் கட்டுரைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அதே குழுவிலிருந்து வந்தவை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளோ விரல் விட்டு எண்ணக் கூடியவை. 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் இதைத் தடைப் பட்டியலில் வைத்தது.

இதன் கூடவே பேசப்படுவது தைமோசின் பீட்டா-4. இதனால் ஆஸ்திரேலியாவில் எஸ்ஸெண்டன் என்ற கால்பந்துக் கழகமே ஆட்டம் கண்டது. கழகத்தில் போட்ட ஊசிகளுக்காக 34 ஆட்டக்காரர்கள் 2016-ல் தடை செய்யப்பட்டார்கள்.

குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர் உபயோகத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். விற்கிறவருக்கு அது கவசம். வாங்குகிறவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கண்ணிச் சரத்துக்கு 14 முறை முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக விழுகிறது என்றே வைத்துக் கொள்வோம். கடைசியில் நூறு சரத்தில் சரியானவை 87 தான். மீதி 13-ல் ஏதோ ஒரு பூ விட்டுப் போயிருக்கும். நல்ல கம்பெனி இவற்றைப் பிரித்து எறிந்து, கிருமி இல்லை என்று சோதித்து, பிறகுதான் ஊசி மருந்தாக அனுப்பும். பெயர் தெரியாத குப்பியில் இதையெல்லாம் யார் செய்தார்கள்? அந்தப் பொருளைத் தோலுக்குள் ஏற்றிக் கொள்வது பிழைப்புக்கு ஆதாரமான உடம்பைப் பந்தயம் வைப்பது போன்றது.

கொல்லாஜன் பொடியைப் பாலில் கலந்து குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் போனதும் அது மற்றப் புரதங்களைப் போலவே துண்டு துண்டாக ஜீரணமாகும். இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போடுவது இதனால்தானே? குடித்த கொல்லாஜன் முழுசாகப் போய்ப் புண்ணில் உட்காராது. பருப்பு, முட்டை, மீன் கொடுக்கிற புரதமும், நெல்லிக்காய், கொய்யா கொடுக்கிற வைட்டமின் 'சி'யும் இருந்தால் உடம்பே தன் கொல்லாஜனை நூற்றுக் கொள்ளும். வைட்டமின் 'சி' அறவே இல்லாவிட்டால் அந்த முப்புரி உறுதிப்படாது. பழைய நாளில் கப்பல்காரர்களுக்கு ஈறு கரைந்து, ஆறிய புண்ணும் மறுபடி வாய் திறந்தது அதனால்தான்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது

பெப்டைடு மருந்து வருகிற போது வரட்டும். இன்றைக்கு அடுப்பில் எண்ணெய் கொட்டினால், பட்டறையில் உலைக் குழம்பு தெறித்தால் எங்கே போவது?

தாராவியை ஒட்டியே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. லோகமான்ய திலகர் பெயரில் உள்ள மாநகராட்சி ஆஸ்பத்திரி அது. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த தோலைச் சேமித்து வைத்துத் தீக்காயக்காரர்களுக்குப் போடும் தோல் வங்கி அங்கே 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் டாக்டர் மாதுரி கோரே.

அதே டாக்டர் செய்த இன்னொரு ஆராய்ச்சி நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வாழையிலை! கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்தின் மேல் கட்டாகப் போட்டார். புண்ணோடு ஒட்டிக் கொள்ளாததால் கட்டுப் பிரிக்கும் போது வலி குறைவு. செலவு மிகச் சொற்பம். 2003-ல் இதை வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அதற்கு முன்பே மும்பையில் டாக்டர் கேஸ்வானி என்பவர் வேக வைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் போட்டுக் காட்டியிருந்தார். இவை டாக்டர்கள் முறைப்படி சுத்தம் செய்து போட்டவை. வீட்டில் இலையை அறுத்துக் கட்டி விடக் கூடாது.

பரேல் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1988 முதல் திசு வங்கி இருக்கிறது. பிரசவத்தில் கழியும் பனிக்குடச் சவ்வைக்கூட அங்கே சுத்தப்படுத்தி உலர்த்திப் புண்ணுக்குப் போர்வையாக்குகிறார்கள். அதைக் கிருமி நீக்கம் செய்வது செம்பூருக்கு அப்பால், டிராம்பேயில், 1974-ல் ஏற்பட்ட காமா கதிர் நிலையத்தில். அணு என்றால் குண்டு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு செய்தி. தீக்காயத்துக்கு ஈரப்பதம் தரும் ஹைட்ரோஜெல் கட்டு ஒன்றையும் டிராம்பே விஞ்ஞானிகள் கதிர்வீச்சு முறையில் உருவாக்கியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

தீச்சுட்டதும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அந்த இடத்தில் ஓட விட வேண்டும். ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, இட்லி மாவு, மஞ்சள் எதையும் பூசக் கூடாது. பூசினால் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டி வரும். வலி நோயாளிக்குத்தான். சுத்தமான துணியால் மூடிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சின்னக் கீறல் இரண்டு நாளில் வாடத் தொடங்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கூலி போய் விடுமே என்று தள்ளிப் போட்டவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

இறந்தவரின் தோலை 6 மணி நேரத்துக்குள் தானம் கொடுக்கலாம். ரத்த வகை பார்ப்பதில்லை. தொடை, முதுகு போன்ற இடங்களில் மேல்தோலை மட்டும் மெல்லிய ஏடாக எடுத்துக் கொண்டு கட்டுப் போட்டு விடுகிறார்கள். முகம் மாறாது. உடல் விகாரப்படாது. எடுத்த தோலைக் கிளிசரினில் போட்டுக் குளிரில் வைத்தால் ஐந்து ஆண்டு வரை காக்க முடியும். கண் தானம் பற்றி நம் மக்களுக்குத் தெரிந்த அளவு இது தெரியவில்லை.

தோலில் உள்ள முப்புரியைக் கண்டு சொன்ன ஊர் சென்னை. தோலைப் பதனிட்டும் தைத்தும் இந்த நகரத்தில் குடும்பம் வளர்த்தவர்கள் தமிழர்கள். செயற்கைப் பெப்டைடு ஒருநாள் ஆஸ்பத்திரி அலமாரிக்கு வந்து சேரலாம். அதுவரையில் தீக்காய வார்டில் படுத்திருக்கிறவருக்கு இன்னொரு மனிதனின் தோலே நல்ல போர்வை.